ஜன்னலுக்கு எதிரே லோகா

மூன்று மணிக்கு லோகா வருவாள், வந்ததும் கேட்டுவிட வேண்டும். காப்பி போடுவதற்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும், போட்ட பிறகு கேட்டால் காப்பியைக் கொடுத்துக் காரியம் சாதித்தேன் என்று ஆகிவிடும். லோகாக்கா, எத்திராஜ் எங்களைக் காலி பண்ணச் சொல்றாரு, நீ ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு. அவ்வளவுதான், ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன், கீரையிடம் நன்றாகத்தான் வந்தது. ஐந்து மணிக்கு எத்திராஜ் போன் பண்ணுவார், வீட்டுச் சொந்தக்காரர், முடிவு என்ன என்று கேட்பார், மாதக் கடைசியில் சாவி வேண்டுமாம் அவருக்கு. பதினெட்டு வருஷமாக நாங்கள் குடியிருக்கும் வீடு. மூன்றாவது மாடி, ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, சமையல்கட்டில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னல்தான் வினை. அதைத் திறந்தால் எதிர் பிளாக்கின் பக்கச்சுவர், அந்தச் சுவர் முழுக்க, தரையிலிருந்து மொட்டைமாடி வரைக்கும், பெயின்டில் வரைந்த லோகாவின் முகம்.

இத்தனை வீடு இருக்கிற காலனியில் அந்த முகம் நேருக்கு நேராகத் தெரிவது என் சமையல்கட்டிலிருந்து மட்டும்தான். கீழே நின்று அண்ணாந்தால் மோவாயும் மூக்குத் துவாரமும். தள்ளி நின்றால் புங்கமரமும் கரண்டுக் கம்பியும். எங்களுக்கு மேல்மாடிக்காரிக்குத் தலையில் சுற்றிய துண்டுதான் கிடைக்கும். எனக்குத்தான் கண். அரிசி களையும்போது கண், பாத்திரம் துலக்கும்போது கண், என் வீட்டுக் கதவைவிடப் பெரிய கண், நான் குழம்புக்கு உப்புப் போடுகிறேனா இல்லையா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. லோகா அந்தப் பிளாக்கிலேயே தரைத்தளத்தில் இருக்கிறாள். தலைக்கு மேல் தன் முகம் இருந்தும் அவளால் அதைப் பார்க்க முடியாது. அதனால் சாயங்காலம் மீன் விற்கக் கிளம்பும் முன்னால், தினமும் மூன்று மணிக்கு, மூன்று மாடி ஏறி என் வீட்டுக்கு வருகிறாள். வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன்னையே பார்க்கிறாள். கண்ணாடி பார்க்கிறவர்களுக்குக்கூட யாராவது வந்தால் ஒரு வெட்கம் இருக்கும், இவளுக்கு அதுவும் கிடையாது. நான் பின்னால் நின்று காப்பி ஆற்றுவேன். ஒரு லோகாவைத் தாங்குவதே பெரும்பாடு, எனக்கு இரண்டு.

பொறாமைதான். வேறு பெயர் வைப்பானேன். கம்பெனியில் தரை துடைத்துவிட்டு வேன் பிடித்து இரண்டு மணிக்கு வீடு வந்தால், ஒரு வாய் சோறு இறங்குவதற்குள் வயிறு எரிய ஆரம்பித்துவிடுகிறது, அது பசியில்லை என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்தச் சுவரில் இருந்திருக்க வேண்டியது நான். இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், சிரித்தார். ஆனால் நிஜம். போன வருஷம் மாசி மாதம் அந்தப் பிள்ளைகள் வந்தார்கள், தோள்பையும் கேமராவுமாக ஏழெட்டுப் பேர், காலனிச் சுவர்களில் எல்லாம் படம் வரையப் போகிறார்களாம். அதில் நந்திதா என்று ஒரு பெண், கல்கத்தாக்காரி, முடியை ஆண்பிள்ளை போல வெட்டியிருந்தாள். தண்ணீர்த் தொட்டி அருகே குடத்தோடு நின்றவளிடம் நேராக வந்தாள். நின்றது நான். கூட வந்தவன் தமிழில் கேட்டான், அக்கா, உங்கள ஒரு போட்டோ எடுக்கலாமா, உங்க முகம் மேடத்துக்குப் பிடிச்சிருக்கு. உங்க முகம் பிடிச்சிருக்கு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்றுகூட என் முகத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, பெண் வேலை செய்வாளா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் என்ன செய்தேன்? இருங்க தோ வரேன் என்று ஓடினேன். மூன்று மாடி ஏறினேன். முகம் கழுவினேன், பவுடர் போட்டேன், தீபாவளிக்கு எடுத்த ஊதா சில்க் காட்டனை மடிப்பு வைத்துக் கட்டினேன், ஜிமிக்கி மாட்டினேன், திருகாணி ஒன்று கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது, குனிந்து தேடினேன், எடுத்தேன். போட்டோ என்றால் நாங்கள் அப்படித்தானே. அழுக்குச் சேலையோடு யார் போய் நிற்பார்கள்? பத்து நிமிஷம், மிஞ்சினால் பதினைந்து. இறங்கி வந்தால் தொட்டியருகே லோகா நிற்கிறாள். தலைக்குக் குளித்துவிட்டுச் சிவப்புக் கட்டம் போட்ட துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, காதில் ஒரு குச்சிகூட இல்லாமல், நைட்டியோடு, எவனையோ பார்த்துத் தண்ணீர்ச் சண்டை போட்டுக்கொண்டு. அந்தப் பெண் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருக்கிறாள். என்னையும் எடுத்தார்கள், எடுக்கவில்லை என்று சொல்லக்கூடாது. ஒன்று எடுத்தாள். எடுத்துவிட்டு, சூப்பர் அக்கா, என்றாள். அந்த சூப்பரை நான் நம்பினேன்.

நம்பினதுதான் கொடுமை. சுவரில் முதலில் கிறுக்கினார்கள், வட்டம், மீன், எட்டு, புரியாத எழுத்து, சுவர் முழுக்கப் பைத்தியம் கிறுக்கியது போல. அதை வைத்துத்தான் அளவு பிடிப்பார்களாம். பிறகு தூக்கு வண்டி வந்தது, நந்திதா அதில் ஏறி என் ஜன்னலுக்கு நேராக வந்து நின்று, முதலில் கண்ணை வரைந்தாள். நாங்கள் சாமிக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறப்போம், இவள் எடுத்த எடுப்பிலேயே கண்ணைத் திறந்தாள். இடது கண். ஓரத்தில் அந்த இறக்கம் என்னுடையது. நான் கைக்கண்ணாடியை எடுத்துவந்து ஜன்னலோரம் நின்று, கண்ணாடியில் ஒன்று சுவரில் ஒன்று என்று மாறிமாறிப் பார்த்தேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, பார்த்தேன். மூக்குத்தி இடது பக்கம், எனக்கும் இடது பக்கம். யாரும்மா இது, என்று கத்திக் கேட்டேன். அவளுக்குத் தெரிந்த தமிழில், பாருங்க பாருங்க, என்று சிரித்தாள். நாலு நாள். நாலு நாள் நான் நடந்த நடையே வேறு. கம்பெனியில் லிஃப்டு கண்ணாடி துடைக்கும்போது என்னைப் பார்த்து நானே தலையசைத்தேன். அந்தப் பெண்ணுக்குத் தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன், என் முகத்தை வரைகிறவள் பட்டினி கிடக்கக்கூடாது என்று. ஐந்தாம் நாள் காது வந்தது. காதில் ஜிமிக்கி இல்லை. அப்புறம் போடுவாள், நகையைக் கடைசியில்தான் போடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறாம் நாள் சிவப்புக் கட்டம். ஒரு கட்டம், இரண்டு கட்டம், மூன்று. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு அறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. அழுதேன், கொஞ்சம்.

அதற்குப் பிறகு இந்த இடமே மாறிப்போயிற்று. ஊருக்கு வெளியே கொண்டுவந்து கொட்டிய காலனி என்று ஷேர் ஆட்டோக்காரன்கூட உள்ளே வரமாட்டான், முனையிலேயே இறக்கிவிடுவான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வருகின்றன. வெயில் கண்ணாடி போட்ட பெண்கள் எங்கள் துணிக்கொடிக்குக் கீழே நின்று போட்டோ எடுக்கிறார்கள், யார் வீட்டுப் பாவாடையோ அதில் விழுந்துவிடுகிறது. மாவு மில் இருந்த இடத்தில் காப்பிக்கடை, உள்ளே ஏசி, சுவரில் எங்கள் பழைய குடிசைகளின் படம். குடிசையில் இருந்தவர்கள் உள்ளே போவதில்லை, கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் நிற்கவேண்டும் என்ற பயம். லோகா போகிறாள். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து லோகாம்மா லோகாம்மா என்கிறார்கள். ராணி மாதிரி இருக்காங்க என்று ஒருத்தி சொன்னாளாம், துண்டு கிரீடம் மாதிரி இருக்காம். ஈரத்தலைக்குச் சுற்றிய துண்டு! வாய்க்கு வாய் இதைச் சொல்லிவிட்டாள், நூறு தரம் இருக்கும். ஒரு நாள் வேனிலிருந்து இறங்கி நடக்கிறேன், வெளியூர்க்காரர் ஒருவர், கையில் மஞ்சப்பை, சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்தப் பக்கத்தில் செத்தவர்களுக்குத்தானே பேனர் வைக்கிறோம், முகத்தைப் பெரிசாகப் போட்டு, கண்ணீர் அஞ்சலி என்று. அவர் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார், எப்பம்மா தவறுனாங்க? நான் சொன்னேன், போன வாரந்தாங்க, பாவம். எப்படி வந்தது என் வாயில்? அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன், சிரித்து முடிப்பதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. வாய்முகூர்த்தம் என்று ஒன்று இருக்கிறதே. உப்பும் மிளகாயும் கையில் எடுத்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அந்த மலை போன்ற முகத்துக்கு மூன்று சுற்றுச் சுற்றினேன். சுவருக்குத் திருஷ்டி கழித்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு எல்லாம் சொன்னேன். என் கண்ணு என்று சொல்ல நாக்கு எழவில்லை. மிளகாய் அடுப்பில் வெடித்தபோது நெடியே இல்லை, அவ்வளவு திருஷ்டி இருந்திருக்கிறது, அத்தனையும் யாருடையது என்று எனக்கா தெரியாது.

இப்போது அந்த முகம் என் வீட்டையே கேட்கிறது. நந்திதாவின் ஆட்களுக்கு இங்கே ஒரு வீடு வேண்டுமாம், ஊர் ஊராக வரும் ஓவியர்கள் மாதக்கணக்கில் தங்கி வரைவதற்கு, ரெசிடென்சி என்கிறார்கள். எந்த வீடு வேண்டும் என்று எத்திராஜ் கேட்டிருக்கிறார். மூன்றாவது மாடியில் அந்த ஜன்னல் வைத்த வீடு, அங்கிருந்து பார்த்தால்தான் நன்றாக இருக்கிறது என்றார்களாம். பதினெட்டு வருஷம் நான் சும்மா திறந்து மூடிய ஜன்னலுக்கு இப்படி ஒரு மரியாதை. எத்திராஜ் கெட்டவர் இல்லை. ரொம்பச் சங்கடப்பட்டுக்கொண்டு, தலையைச் சொறிந்துகொண்டுதான் சொன்னார். என் வீட்டுக்காரர் ராத்திரி டியூட்டி முடிந்து வந்து செக்யூரிட்டி சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார், லோகாகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன், அது சொன்னா அந்தப் பொண்ணு கேக்கும், எத்திராஜும் கேப்பாரு, வேற வூடு பாத்துக்குவாங்க. உண்மைதான். லோகாவைக் கேட்காமல் அவர்கள் இங்கே ஒரு டப்பா பெயின்டுகூடத் திறப்பதில்லை. என் வீட்டைக் காப்பாற்றும் சக்தி இந்த உலகத்தில் ஒருத்தியிடம்தான் இருக்கிறது, அது அவளாக இருக்கிறது. இரண்டு நாளாகக் கேட்கவில்லை. நேற்று வந்தாள், காப்பி குடித்தாள், போய்விட்டாள். முந்தாநாளும். இன்றைக்கு ஐந்து மணிக்குமேல் கேட்டுப் பயனில்லை.

கேட்டால், சொல்றேன்டி என்பாள். அதுதான் பயம். சொல்றேன்டி என்பதை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். கூவம் கரையில் எங்கள் குடிசைக்கும் அவள் குடிசைக்கும் நடுவில் ஒரே தட்டிதான் சுவர். கரையைக் காலி பண்ணும்போது கணக்கெடுக்க வந்தார்கள், கதவில் சாக்கட்டியால் எண் போட்டுக்கொண்டே போனார்கள், எண் விழுந்த குடிசைக்கு இங்கே வீடு. அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில். என் பையன் ஸ்டீபன் பிறந்த அன்று, வீட்டுக்காரரும் என்னோடு. குடிசை பூட்டிக் கிடந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தால், வரிசையாக எல்லாக் கதவிலும் எண், என் கதவு மட்டும் வெறும் கதவு. சொன்னேன்டி, பக்கத்து வூட்டுக்காரி புள்ள பெறப் போயிருக்கான்னு சொன்னேன்டி, எழுதிக்கல, என்றாள் லோகா. சொன்னாளா? சொல்லியிருப்பாளா? தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தத் தெரிந்தவள், அன்றைக்கு எந்தக் குரலில் சொன்னாள்? இந்தக் கேள்வியை நான் மென்று மென்று துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வைத்திருக்கிறேன். அவள் வீட்டுக்குச் சொந்தக்காரியாக வந்தாள், நான் எத்திராஜுக்குக் குடித்தனமாக வந்தேன், அதே லாரியில், அவள் அம்மிக்கல்லும் என் தொட்டிலும் ஒன்றாகக் குலுங்கிக்கொண்டு. நான் எங்கேயாவது போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அவளுக்கு எல்லாம் நடக்கிறது. எண் போட வந்தால் நான் ஆஸ்பத்திரியில், போட்டோ எடுக்க வந்தால் நான் கட்டிலுக்கு அடியில். அவள் செய்வது ஒன்றுமில்லை, இருந்த இடத்தில் இருக்கிறாள், அவ்வளவுதான், எல்லாம் அவளைத் தேடி வருகிறது. இப்போது நான் போய் அவள் எதிரே நின்று, அக்கா, என் வீடு, என்று சொல்லவேண்டும். அவள் அந்தப் பெரிய கண்ணும் சின்னக் கண்ணுமாக என்னைப் பார்ப்பாள். நான் இந்த வீட்டில் அதற்குப் பிறகு இருக்கிற ஒவ்வொரு நாளும் அவள் இருக்கச் சொல்லி இருக்கிற நாள்.

ஆனால் வேறு எங்கே போவது? ஸ்டீபனின் பாலிடெக்னிக் இங்கிருந்து ஒரே பஸ். வேன் வந்து நிற்கிற முனை தெரியும், தண்ணீர் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று தெரியும், எந்தப் படியில் விளக்கு எரியாது என்று காலுக்குத் தெரியும். காலனி முழுக்க வாடகை ஏறிவிட்டது, இன்னும் தெற்கே தள்ளித்தான் போகவேண்டும், அங்கே கம்பெனி வேன் வராது. ஒருமுறை தள்ளினார்கள், வந்தோம். இன்னொரு முறை என்றால் முட்டி தாங்காது. கேட்டுவிடு தமயந்தி. வீம்புக்கு வீடு விடுவாளா ஒருத்தி? கேட்டுவிட வேண்டியதுதான். கீரையை அலசிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வாயைத் திறந்து... படியில் சத்தம். அவள்தான், இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்குவாள், வாங்குகிறாள்.

"இன்னாடி, கதவத் தொறந்து போட்டுக்கினு கீரைகூட பேசினு கீற?"

"வாக்கா."

நேராக ஜன்னலுக்குப் போய்விட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தாள். முதுகில் ஜாக்கெட் நனைந்திருந்தது. இப்போது கேள். இப்போது.

"கண்ணாண்ட மழத்தண்ணி எறங்கிக் கீது பாத்தியா," என்றாள். "அழுவுற மாரி இருக்குது. நந்திதாகிட்ட சொல்லணும்." பிறகு திரும்பாமலே, "ஏண்டி, ஒன்ன வூட்டக் காலி பண்ணச் சொன்னானாமே. எத்திராஜு வாயில வந்துச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?"

அவளே கதவைத் திறந்து வைத்துவிட்டாள், நான் நுழைய வேண்டியதுதான். ஆமாக்கா என்று ஆரம்பித்தேன். அப்போது அவள் திரும்பினாள். அந்த முகத்தில் பாவம் பார்க்கிற ஒரு மென்மை இருந்தது. தலைக்குப் பின்னால் அதே முகம் சுவர் அளவுக்கு. இரண்டும் எனக்காகப் பரிதாபப்பட்டன. என்னால் தாங்க முடியவில்லை.

"ஆமாக்கா, நாங்களேதான் போறோம்," என்றேன். "அவரு கம்பெனி பக்கத்துல வூடு பாத்துட்டோம். ரெண்டு ரூமு. லிஃப்டு இருக்குது. எத்தினி நாளைக்குத்தான் மூணு மாடி ஏறுறது?" வாய் தானாகப் போய்க்கொண்டிருந்தது. பால்கனிகூட வைத்துவிட்டேன் அந்த வீட்டுக்கு.

லோகா முகம் சுருங்கியது. "நீங்களே போறீங்களா? நான் இன்னாத்துக்குடி அப்ப நேத்து அந்த ஆள அந்தக் கிழி கிழிச்சேன்? அவ கரையிலேர்ந்து எங்கூட வந்தவ, அவளக் காலி பண்ணச் சொன்னா அந்தச் சொவுத்துல சாணி கரைச்சி ஊத்திடுவேன்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணுக்கும் போனப் போட்டுட்டேன். பத்தாவது பிளாக்குல பாத்துக்கிறோம்மான்னுச்சு. எத்திராஜும் சரின்னுட்டான், அவ இருக்கட்டும்னான்."

அவ இருக்கட்டும். சொல்லியிருக்கிறாள். கத்தியிருக்கிறாள். நான் கேட்காமலேயே கேட்டிருக்கிறாள். அப்படியானால் அன்றைக்கும் சொல்லியிருப்பாள், கரையில், சாக்கட்டிக்காரர்களிடம். இத்தனை வருஷம் நான் மென்றது வெறும் வாயையா? இப்போதுகூட ஒன்றும் கெடவில்லை. சும்மா சொன்னேன்க்கா, எங்கயும் போகல என்று சிரித்துவிட்டால் முடிந்தது, இரண்டு திட்டுத் திட்டிவிட்டுக் காப்பி கேட்பாள். வாயைத் திறந்தேன்.

"நல்லா இருங்க, போ," என்றாள் அவள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "லிஃப்டெல்லாம் கீதா?"

"இருக்குதுக்கா," என்றேன்.

"தப்பா நெனச்சிக்காத தமயந்தி. எப்பிடியும் வுட்டுட்டுதான போற... ஷர்மிளா மாமியா வூட்ல தெனம் சண்டை, தனியா வந்துடறேம்மான்னு அழுவுது. இந்த வூட்ட எம்பொண்ணுக்குக் கேக்கவா? எனக்கும் வந்து பாத்துக்கினாப்ல இருக்கும்."

எதை வந்து பார்ப்பாள், மகளையா, தன்னையா? இரண்டையும்தான். இனி மூன்று மாடி ஏறி யார் கதவையும் தட்ட வேண்டாம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருக்கிறது? பால்கனி வைத்த வீட்டுக்காரி நான்.

"கேளுக்கா," என்றேன். "நல்லா காத்து வரும்."

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து போனை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்து எண்ணைத் தேடிப் போட்டாள். "எத்திராஜு, நாந்தான். நீ ஒண்ணும் பயப்படாத, இன்னிக்குத் திட்டல. தமயந்தி வூட்ட நம்ம ஷர்மிளாவுக்குக் குடுத்துடு... அட, அவங்களாவேதான் போறாங்க... நான் ஏன் பொய் சொல்றேன், இங்கதான் கீறா, நீயே கேளு." போனை என் காதுக்கு நேராக நீட்டினாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன். அந்தப் பக்கம் எத்திராஜ் சந்தோஷமாகத்தான் இருந்தார், நிஜமாவாம்மா, நிஜமாவே நீங்களா போறீங்களா, என்று இரண்டு தரம் கேட்டார்.

"ஆமாண்ணா," என்றேன். "நாங்களேதான் காலி பண்றோம்."